வண்ணத்துப்பூச்சிக் கத்தியின் மதிப்பு அச்சில் இருக்கிறது

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "இரண்டு ஆண்டுகளாக மலிவான பயிற்சிக் கத்தியைச் சுழற்றிப் பழகி வருகிறேன். இப்போது ஒருவர் தாமே வடிவமைத்துச் செய்த டைட்டானியம் வண்ணத்துப்பூச்சிக் கத்தி ஒன்றை 1,400 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருவதாகச் சொல்கிறார். நீல நிறம், கொக்கி இல்லை, எடை 118 கிராம். கூர் தீட்டிய அலகு, கூர் இல்லாத அலகு, எது கேட்டாலும் பொருத்தித் தருவாராம். படங்களில் கண்ணைப் பறிக்கிறது. நேரில் பார்க்கும்போது அதன் தோற்றத்தையும் கையாளும் தன்மையையும் எப்படி மதிப்பிடுவது?"

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: வண்ணத்துப்பூச்சிக் கத்தி என்பது அலகின் அடியில் இரண்டு அச்சுகளில் (சுழல் மூட்டுகளில்) சுழலும் இரண்டு கைப்பிடிகள் மடிந்து அலகை மூடும் கத்தி; மூடிய கைப்பிடிகளைப் பூட்டும் பாகம்தான் கொக்கி. கூர் இல்லாத அலகையே கேளுங்கள், தம்பி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அபாயகர ஆயுதங்களுக்கென்று 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம் மலேசியாவில் நடப்பில் இருக்கிறது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பவருக்கு அது சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. சுழற்றிப் பழகுவதற்காக வைத்திருந்தேன் என்று சாலைத் தடுப்பில் நிற்கும் போலீஸ்காரரிடம் விளக்கம் சொல்லும் நிலைக்கு உங்களைக் கொண்டுபோய் விடாதீர்கள். கூர் இல்லாத அலகையும் பையில் போட்டுக்கொண்டு பினாங்கு ஃபெரியில் ஏற வேண்டாம், பாடாங் கோத்தா திடலில் நின்று சுழற்ற வேண்டாம். பத்தடி தள்ளி நிற்பவருக்கு ஏதோ மின்னுவதுதான் தெரியும். கூர் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. வீட்டுக்குள் பழகுங்கள், நண்பர் வீட்டுக் கூடத்தில் பழகுங்கள், அதற்குமேல் வேண்டாம்.

கூர் இல்லாததால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. இந்தக் கத்தியின் தரத்தைத் தீர்மானிப்பவை அச்சும் எடையும் அளவும். மூன்றும் இரண்டு அலகுகளுக்கும் பொதுவானவை. ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் குறிப்பிடும் 118 கிராம் எந்த அலகோடு சேர்த்த எடை? பயிற்சி அலகின் விளிம்பு தடித்திருக்கும். அந்த எடையைக் குறைக்க நடுவில் துளைகள் போடுவார்கள். அக்கறையுள்ளவர் துளைகளின் அளவைக் கணக்கிட்டு, இரண்டு அலகுகளின் எடையும் சமநிலைப் புள்ளியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி செய்வார். அக்கறையில்லாதவர் அழகுக்காகத் துளை போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். இந்தக் கேள்விக்கு அவர் தரும் பதிலிலேயே அவர் எந்த வகை என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் மோல்டும் டையும் (பொருள்களை வார்த்தும் அழுத்தியும் எடுக்கும் வார்ப்புருக்கள்) செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவன். மைக்ரோமீட்டர் என்ற நுண்ணளவுக் கருவியை வைத்துப் பிழைப்பவன் என்பதால் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் என் கண் முதலில் பொருத்தத்துக்குத்தான் போகும், நிறம் பிறகுதான். ஆனால் வண்ணத்துப்பூச்சிக் கத்தியைப் பொறுத்தவரை இது தொழில் பழக்கத்தால் வந்த பார்வை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு கைப்பிடிகள், ஓர் அலகு, இரண்டு அச்சுகள்: இவ்வளவுதான் அந்தக் கருவி. அதன் அசைவு முழுவதும் அந்த இரண்டு அச்சுகளில்தான் பிறக்கிறது. 1,400 வெள்ளி கொடுக்கிறீர்கள் என்றால் அதில் பெரும்பங்கு அங்கே செலவாகியிருக்க வேண்டும்.

அச்சுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். அலகின் அடிப்பகுதியில் இரண்டு துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு திருகு போகிறது. அலகுக்கும் கைப்பிடியின் உட்சுவருக்கும் இடையே, இரு பக்கமும் ஒவ்வொரு வாஷர்; பெரும்பாலும் பாஸ்பர் வெண்கலத்தில் செய்தது. டைட்டானியம் எஃகின்மேல் நேரடியாக உரசினால் ஒட்டிப் பிய்யும் குணம் உடையது; டைட்டானியத்தின்மேல் டைட்டானியம் உரசினால் இன்னும் மோசம். ஆகவே வாஷர் இல்லாத டைட்டானியம் கைப்பிடி என்று யாராவது பெருமையாகச் சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

மலிவான கத்திகளில் திருகும் வாஷரும் மட்டும்தான் இருக்கும். திருகை இறுக்கினால் கைப்பிடி அசையாது. தளர்த்தினால் லொடலொடவென்று ஆடும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் நிறுத்தி வைப்பீர்கள், அரை மணி நேரம் சுழற்றியதும் திருகு தானாகக் கழன்று வரும். நீங்கள் இரண்டு ஆண்டுகளாக இதோடுதான் போராடிக்கொண்டிருப்பீர்கள். நல்ல கத்தியில் திருகைச் சுற்றி ஒரு புஷ் இருக்கும். அது கடினமாக்கப்பட்ட எஃகுக் குழாய்த் துண்டு. திருகை முழு பலத்தோடு இறுக்கலாம். கைப்பிடியின் இரு சுவர்களும் புஷ்ஷின் முனைகளைப் பற்றிக்கொண்டு நின்றுவிடும். அலகும் வாஷர்களும் அந்த இடைவெளிக்குள் சுதந்திரமாகச் சுழலும்.

இந்த ஏற்பாட்டின் உயிர் புஷ்ஷின் நீளத்தில் இருக்கிறது. அலகின் அடிப்பகுதி 4.00 மில்லிமீட்டர் தடிமன், வாஷர்கள் ஒவ்வொன்றும் 0.50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 5.00. புஷ்ஷும் சரியாக 5.00 இருந்தால் கைப்பிடி இறுகிவிடும். எண்ணெய்ப் படலத்துக்கே இடமிருக்காது. 5.02 இருந்தால் அருமையாகச் சுழலும். 5.10 இருந்தால் ஆடும். மில்லிமீட்டரில் நூறில் எட்டுப் பங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். தலைமுடியின் தடிமனும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அவ்வளவு சிறிய வேறுபாடு கையில் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கைப்பிடியின் நீளம் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. வாஷரின் விட்டம் 10 மில்லிமீட்டர், கைப்பிடியின் நீளம் 130 மில்லிமீட்டர் என்றால், அச்சில் இருக்கும் தளர்வு கைப்பிடியின் நுனியில் 13 மடங்காகத் தெரியும். அச்சில் 0.02 என்றால் நுனியில் கால் மில்லிமீட்டர்; விரலுக்கு அது உறைக்காது. அச்சில் 0.10 என்றால் நுனியில் 1.3 மில்லிமீட்டர்; முதல் சுழற்சியிலேயே கை கண்டுபிடித்துவிடும். இதே கணக்கை அலகின் பக்கமும் போட்டுப் பாருங்கள். மூடிய நிலையில் அலகுக்கும் கைப்பிடியின் உட்சுவருக்கும் நடுவே பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர்தான் இடம் இருக்கும். அச்சிலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் அலகின் முனை அந்த அரை மில்லிமீட்டரைக் கடந்து சுவரில் தட்டுவதற்கு அச்சில் 0.05 தளர்வு போதும்.

நேரில் போகும்போது முதலில் இதைச் செய்யுங்கள். திருகுகள் முழுவதும் இறுக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டு, அவரையே உங்கள் கண் முன்னால் டி8 அல்லது டி10 டார்க்ஸ் திருப்புளியால் இறுக்கச் சொல்லுங்கள். இறுக்கிய பிறகு அலகைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு கைப்பிடியை மேலே தூக்கி விடுங்கள். அது தன் எடையிலேயே விழுந்து, சில முறை முன்னும் பின்னும் ஆடி, மெல்ல ஓய வேண்டும். அடுத்த கைப்பிடியையும் அப்படியே விடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு ஆடி ஓய்ந்தால் இரண்டு அச்சுகளும் ஒரே கவனத்தோடு செய்யப்பட்டவை. ஒன்று சட்டென்று நின்று மற்றது நீண்ட நேரம் ஆடினால், ஒரு புஷ் நீளம் குறைந்திருக்கிறது. பிறகு கத்தியை மூடி, கைப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அலகு உட்சுவரில் 'டக்' என்று படுகிறதா என்று காதை வைத்துக் கேளுங்கள். இறுக்கமான திருகு, தடையில்லாத வீழ்ச்சி, பக்கவாட்டில் தட்டாத அலகு ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். திருகைத் தளர்த்தினால்தான் நன்றாக விழுகிறது என்றால் அந்தக் கத்தியில் புஷ் இருந்தும் பயனில்லை.

சற்று நீளமான புஷ்ஷைச் சரிசெய்ய முடியும். சமதளமான கிரானைட் பலகைமேல் 1,000 எண் அல்லது அதைவிட மென்மையான எமரித் தாளை வைத்து, புஷ்ஷின் முனையை எட்டு வடிவில் தேய்த்து, ஒவ்வொரு முறையும் மைக்ரோமீட்டரில் அளந்து, மில்லிமீட்டரில் நூறில் ஒவ்வொரு பங்காகக் குறைத்து வருவோம். குட்டையாகிவிட்ட புஷ்ஷை நீட்ட வழி கிடையாது. வாஷரை மெலிதாக்கித்தான் சமாளிக்க வேண்டும். கையால் செய்பவர் ஒவ்வொரு கத்திக்கும் இந்த வேலையைத் தனித்தனியாகச் செய்திருந்தால், நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் நியாயமானது. கடைசலில் கடைந்தெடுத்த புஷ்ஷை அப்படியே போட்டுத் திருகி அனுப்பியிருந்தால் நீங்கள் கொடுப்பது படத்துக்கான விலை.

புஷ்ஷுக்குப் பதிலாகப் பந்து பேரிங் போட்டவையும் உண்டு. அவை வழுக்கிக்கொண்டு சுழலும்; முதல் நாள் கையில் பிடித்தால் மனம் மயங்கிவிடும். எனக்கு அவற்றின்மேல் முழு நம்பிக்கை இல்லை. கைப்பிடி அலகில் மோதி நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி சின்னஞ்சிறு குண்டுகள் வழியாகப் போகிறது. குண்டுகள் ஓடும் பாதையில் கடின எஃகு வளையம் இல்லாமல் நேராக டைட்டானியத்தின்மேல் ஓடவிட்டால், நாளடைவில் அங்கே குழிகள் விழும். பிறகு கைப்பிடி சுழலும்போது மணல் கலந்ததுபோல் நெருடும். உங்களுக்கு வரும் கத்தியில் பேரிங் இருந்தால் எஃகு வளையம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, கைப்பிடி எங்கே மோதி நிற்கிறது என்பது. திறந்தபோதும் மூடியபோதும் கைப்பிடிகள் சரியான இடத்தில் நிற்பதற்காகச் சிறு ஆணி போன்ற முளைகள் இருக்கும். சிலர் முளையை அலகின் அடிப்பகுதியில் அடித்து இறக்குவார்கள். அது கைப்பிடியின் விளிம்பில் மோதும். சிலர் முளையைக் கைப்பிடிக்குள் குறுக்காகப் பதிப்பார்கள். அலகின் அடிப்பகுதியில் வெட்டிய பள்ளம் வந்து அதன்மேல் உட்காரும். நான் இரண்டாவது வகையைத்தான் விரும்புவேன். முதல் வகையில் கடினமான முளை மென்மையான டைட்டானியத்தை நாள்தோறும் குத்துகிறது. குத்துப்பட்ட இடம் பள்ளமாக ஆக, கைப்பிடிகள் நெருங்கி வந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வகையில் மோதுவது எஃகோடு எஃகு. அலகு சரியாக வெப்பப் பதனம் செய்யப்பட்டிருந்தால் பள்ளம் பல ஆண்டுகள் தேயாது.

இந்த இடத்தில்தான் பயிற்சி அலகு செய்பவர்கள் சிக்கனம் பார்க்கிறார்கள். கூர் தேவையில்லை, ஆகவே கடினமும் தேவையில்லை என்று நினைத்துப் பதப்படுத்தாத எஃகில் வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். கூர் தேவையில்லை என்பது சரி. மோதுகிற பள்ளமும் புஷ் சுழல்கிற துளையும் கடினமாக இருந்தே ஆக வேண்டும். அலகுக்கு என்ன எஃகு, ராக்வெல் அளவில் எவ்வளவு கடினம் என்று கேளுங்கள். கூர் தீட்டும் கத்திகளுக்கு 58 முதல் 61 வரை சொல்வார்கள். பயிற்சி அலகுக்கு அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் குறையில்லை. பதமே செய்யவில்லை என்ற பதில் வந்தால், சில மாதங்களில் துளை நீள்வட்டமாகிவிடும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃகைப் பற்றி இன்னொன்று. பினாங்கின் கடல் காற்றில் டி2 வகை எஃகு மெல்லப் புள்ளிவிடும். அதில் குரோமியம் 12 விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது. பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுவதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. 440சி எஃகில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் உண்டு. வியர்வைக் கையோடு சுழற்றும் பொருளுக்கு நான் பின்னதையே கேட்பேன்.

எடைக்கு வருகிறேன். 118 கிராம் என்ற எண் நல்ல எண்தான். ஆனால் ஒரே 118 கிராமில் இரண்டு கத்திகள் முற்றிலும் வேறாகச் சுழலும். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. சுழலும் பொருளின் மந்தம் அச்சிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தோடு பெருகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அச்சிலிருந்து 6 சென்டிமீட்டரில் இருக்கும் 5 கிராமைக் கைப்பிடியின் நுனிப்பக்கம், 12 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் அதன் மந்தம் நான்கு மடங்காகிறது. நுனி கனமான கைப்பிடி மெதுவாகப் புறப்பட்டு, புறப்பட்டபின் நிறுத்த முடியாத வேகத்தில் வந்து சேரும். நுனி லேசான கைப்பிடி சட்டென்று திரும்பும். ஆனால் மேலே எறிந்து பிடிக்கும்போது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. உங்கள் பழக்கம் எதுவோ அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டிய விஷயம் இது. விரல்களைச் சுற்றி உருட்டும் வித்தைகளை அதிகம் செய்பவருக்கு நடுப்பகுதியில் எடை குவிந்தது பொருந்தும். எறிந்து பிடிப்பவருக்குச் சற்று நுனிக்கனம் நல்லது.

டைட்டானியம் எஃகைவிட மிக லேசானது: ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 4.5 கிராம், துருப்பிடிக்காத எஃகு 8 கிராமை ஒட்டி வரும். அதனால்தான் எஃகுக் கைப்பிடியில் சல்லடைபோல் துளை போடுகிறார்கள். டைட்டானியத்தில் அவ்வளவு தேவைப்படாது. டைட்டானியம் கைப்பிடியிலும் ஏராளமான துளைகள் இருந்தால், அவை எடைக்காகவா அழகுக்காகவா என்று யோசியுங்கள். பெரிய துளைகளின் விளிம்புகள் சுழலும்போது விரல் மடிப்பில் தட்டிக்கொண்டே இருக்கும். கையில் எடுத்து ஐந்து நிமிடம் உருட்டினால் தெரிந்துவிடும்; படத்தில் தெரியாது.

கத்தியைத் திறந்து, இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து, ஒரு விரலின்மேல் கிடத்திச் சமநிலை பாருங்கள். அச்சிலிருந்து கைப்பிடிப் பக்கமாக ஓரிரு சென்டிமீட்டரில் அது நின்றால் எனக்குப் பிடிக்கும். அலகின் பக்கம் போய்விட்டால் கையில் முன்பாரமாகத் தொங்கும். பிறகு கைப்பிடிகளைத் தனித்தனியாக ஒப்பிடுங்கள். கொக்கி இல்லாத கத்தி என்பதால் இரண்டும் ஒரே எடையில் இருக்க வேண்டும். அவரிடம் சிறு தராசு இருந்தால் கழற்றி நிறுத்துக் காட்டச் சொல்லலாம். நல்ல தொழிலாளி இதற்கு முகம் சுளிக்க மாட்டார். மாறாக மகிழ்ச்சியடைவார், தன் வேலையை அளந்து பார்க்கிற வாடிக்கையாளர் அவருக்கு அடிக்கடி வருவதில்லை.

கைப்பிடி ஒரே கட்டியில் குடைந்ததா, இரண்டு தகடுகளைத் திருகி இணைத்ததா என்பதையும் பாருங்கள். குடைந்தது வளையாது, முறுக்காது. கழலுவதற்கு உதிரித் திருகு இல்லை. ஒலியும் கணீரென்று வரும். ஆனால் ஆழமான குறுகிய கால்வாயை டைட்டானியத்தில் குடைவது கஷ்டமான வேலை. வெட்டுக்கருவி நீளமாக இருந்தால் அதிரும், சூடேறும், சுவரில் அலை அலையாகத் தடம் விடும். தகடுகளை இணைத்தது எளிதாகக் கழற்றலாம், சுத்தம் செய்யலாம். நடுவே வைக்கும் தாங்கியின் எடையை மாற்றிச் சமநிலையையும் மாற்றலாம். இரண்டுமே நல்ல வழிகள்தான். பிலிப்பைன்ஸில் படாங்காஸ் மாகாணத்தின் தால் நகரப் பட்டறைகளில் இந்தக் கத்தியைக் கையாலேயே செய்து வருகிறார்கள்; கைப்பிடியில் எருமைக் கொம்பும் எலும்பும் பதிப்பார்கள். அங்கே மரபான முறையில் அச்சு என்பது தட்டி விரித்த ஆணிதான்; புஷ் கிடையாது, திருகு கிடையாது. அந்த ஆணியை எந்த அளவுக்குத் தட்டுவது என்பது முழுக்க அந்தக் கைக்குத்தான் தெரியும். அவர்கள் சுத்தியலால் கேட்டறிந்ததை நாம் மைக்ரோமீட்டரால் அளக்கிறோம், தேடுவது ஒன்றையே.

இப்போது தோற்றம். இவ்வளவு நேரம் இதைத் தள்ளிவைத்ததற்குக் காரணம் உண்டு. இந்தக் கத்தியில் நல்ல தோற்றமும் நல்ல கையாளுகையும் ஒரே வேரிலிருந்து வருபவை. அச்சைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கே அழகும் சரியாகத் தெரியும்.

கத்தியை மூடி, நுனிப்பக்கத்திலிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அலகு இரண்டு சுவர்களுக்கும் நட்டநடுவில் இருக்கிறதா? கைப்பிடிகளுக்கு இடையேயுள்ள வெளிச்சக் கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓடுகிறதா? திறந்து வைத்துப் பார்க்கும்போதும் கோடு அப்படியே இருக்கிறதா? ஆப்பு வடிவில் அகன்று குறுகினால் முளைகளின் இடம் தவறியிருக்கிறது. அது கண்ணுக்கும் குறை, கைக்கும் குறை. மூடிய நிலையில் இரண்டு கைப்பிடிகளையும் உள்ளங்கையால் நன்றாக அழுத்துங்கள். அலகின் விளிம்பு எங்கேயும் உள்ளே இடிக்கக் கூடாது. அலகின் அடிப்பகுதியில் இருக்கும் சிறு புடைப்பு அதைத் தடுப்பதற்காகவே வைக்கப்பட்டது.

அடுத்து அலகின் இரண்டு முகங்களையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். சரிவு தொடங்கும் கோடு இருபுறமும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். சாட்டின் மெருகு என்றால் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓட வேண்டும்; குறுக்கே ஒரு கீறல் இருந்தாலும் அது முந்தைய முரட்டுத் தாளின் தடம், அதை எடுக்காமல் அடுத்த தாளுக்குத் தாவியிருக்கிறார். கற்களோடு உருட்டி எடுத்த மங்கலான மெருகு என்றால் இதெல்லாம் தெரியாது. அது உழைக்கும் பொருளுக்கு ஏற்ற மெருகுதான். கீழே விழுந்து விழுந்து எழும் கத்தியில் கீறல் தெரியாமல் காக்கும். ஆனால் அதற்கு அவர் சாட்டின் மெருகின் விலையைக் கேட்கக் கூடாது.

நீல நிறத்துக்கு மயங்க வேண்டாம். அது சாயம் அல்ல. டைட்டானியத்தை மின்பகுளியில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்தினால் மேலே ஒளி ஊடுருவும் ஆக்சைடு படலம் வளரும். படலத்தின் மேலும் அடியிலும் எதிரொளிக்கும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு, தடிமனுக்கேற்ப நிறம் காட்டும். 25, 30 வோல்ட்டில் நல்ல நீலம் வந்துவிடும். மின்சாரமும் தொட்டியும் வைத்திருக்கும் எவரும் சில நிமிடங்களில் செய்யக்கூடியது. கடினம் அதற்கு முந்தைய வேலையில் இருக்கிறது: மேற்பரப்பு ஒரே சீராக மெருகிடப்பட்டு, துளி எண்ணெய் இல்லாமல் கழுவப்பட்டிருந்தால்தான் நிறம் ஒரே சீராக வரும். துளைகளைச் சுற்றியும் மூலைகளிலும் நிறம் மாறித் தெரிகிறதா என்று பாருங்கள். அங்கேதான் அவசரம் வெளிப்படும். வியர்வையும் எண்ணெயும் பட்டால் அந்த நீலம் மங்கித் தெரியும். ஆல்கஹாலால் துடைத்தால் திரும்பி வரும். ஆனால் கைப்பிடிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் விளிம்புகளில் படலம் உரிந்து வெள்ளி நிறம் வெளிவருவதை யாராலும் தடுக்க முடியாது. ஆறு மாதத்தில் அப்படி ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டே நீலம் வாங்குங்கள். எனக்கு அந்தத் தேய்மானம் அழகாகவே படும். உங்களுக்கு அப்படிப் படாவிட்டால் நிறமேற்றாத சாம்பல் டைட்டானியத்தைக் கேளுங்கள், விலையும் சற்று இறங்கக்கூடும்.

படத்தில் ஒருபோதும் காட்டாத இடம் கைப்பிடியின் உட்புறம். கைப்பேசி விளக்கை உள்ளே அடித்துப் பாருங்கள். கருவியின் தடம் சீராக இருந்தால் போதும், கண்ணாடிபோல் மின்ன வேண்டியதில்லை. பிசிறு இருக்கக் கூடாது. உள் விளிம்பு விரலைப் பிறாண்டக் கூடாது. வெளி விளிம்புகள் மழுக்கப்பட்டிருக்கும் அகலத்தைக் கவனியுங்கள். தலை முதல் வால் வரை ஒரே அகலத்தில் ஓடுகிறதா, வளைவுகளில் குறுகுகிறதா? அகலமாக மழுக்கினால் கைக்குப் பஞ்சாக இருக்கும், ஆனால் வியர்த்த கையில் வழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மின்விசிறி இல்லாமல் பழகுகிறவருக்கு அளவோடு மழுக்கிய, சற்றுச் சொரசொரப்பான பரப்பே நல்லது.

ஒலியையும் கேளுங்கள். திறந்து மூடும்போது 'கிளிக்' என்று ஒற்றை ஒலியாக முடிய வேண்டும். பின்னால் சிலிர்ப்பாக ஒரு நடுக்க ஒலி வந்தால் ஏதோ ஒரு திருகு தளர்ந்திருக்கிறது அல்லது வாஷர் சரியாக உட்காரவில்லை. இரண்டு கைப்பிடிகளும் ஒரே சுருதியில் ஒலித்தால் அவற்றின் எடையும் சுவர்களின் தடிமனும் ஒத்திருக்கின்றன என்று கொள்ளலாம். கைப்பிடி மோதியதும் எவ்வளவு தூரம் எகிறித் திரும்புகிறது என்பதும் முக்கியம். அதிகம் எகிறினால் அடுத்த அசைவின் தாளம் தவறும்.

கொக்கி இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். சுழற்றுவதற்காகவே வாங்குகிற கத்தியில் கொக்கி ஒரு பக்க எடைதான். தொங்கிக்கொண்டு அலகில் அடிக்கும். கொக்கி இல்லாததால் பாதுகாப்பான கைப்பிடி எது, கடிக்கும் கைப்பிடி (மூடும்போது கூர் விளிம்பு வந்து சேரும் பக்கம்) எது என்று தொட்டறிய ஓர் அடையாளம் வேண்டும். ஒரு கைப்பிடியின் நுனியில் மட்டும் சிறு பள்ளம் ஒன்று வெட்டித் தரச் சொல்லுங்கள். கூர் இல்லாத அலகானாலும் சரியான கைப்பிடியைப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

விலையைப் பற்றி என் கருத்து இது. புஷ் ஒவ்வொரு கத்திக்கும் தனியே தேய்த்துப் பொருத்தப்பட்டது, அலகு பதப்படுத்தப்பட்டது, முளைகள் கைப்பிடிக்குள், உட்புறம் சுத்தம் என்றால் 1,400 வெள்ளி அதிகம் அல்ல. டைட்டானியக் கட்டியின் விலையும், அதைக் குடையும்போது மழுங்கிப்போகும் வெட்டுக்கருவிகளின் விலையும், கையால் பொருத்தும் மணிநேரங்களும் எனக்குத் தெரியும். அவருக்குப் பெரிய லாபம் நிற்காது. பேரம் பேசிக் குறைக்காமல், பதிலாக உதிரி வாஷர் ஒரு ஜோடியும் உதிரிப் புஷ் ஒரு ஜோடியும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். வாஷர் தேயும், தேய்ந்த பிறகு அதே அளவில் வெளியே கிடைக்காது. அச்சு ஆடுகிறது, நிறம் மட்டும் பிரமாதம் என்றால் பாதி விலைக்கும் வாங்க மாட்டேன்.

சந்தேகம் தீரவில்லை என்றால், அவர் சம்மதத்தோடு புஷ், வாஷர்களைக் கழற்றி எடுத்து அளக்கச் சொல்லுங்கள். பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியதிலிருந்து இந்தத் தீவிலும் எதிர்க்கரையில் பிறை நகரிலும் நுண்ணிய உதிரிப்பாகங்கள் செய்யும் பட்டறைகள் பெருகியிருக்கின்றன. மைக்ரோமீட்டர் கையிலிருக்கும் யாரைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார்கள். அலகின் அடிப்பகுதியை அச்சுத் துளைக்கு அருகே மூன்று இடங்களில் அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் புஷ்ஷை எவ்வளவு சரிசெய்தாலும் ஓரிடத்தில் பிடிக்கும், ஓரிடத்தில் தளரும். வாஷர்கள் நான்கையும் அளந்து, எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். தடிமனையும் ஒரு ஜோடி வாஷரையும் கூட்டிப் பாருங்கள். புஷ்ஷின் நீளம் அதைவிட மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு கூடுதலாக இருந்தால் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருகுகளைத் திரும்பப் போடும்போது நீல நிற லாக்டைட் (திருகு கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு துளி மட்டும் திருகின் நுனியில் வையுங்கள். புஷ்ஷுக்குள் வழிந்தால் அச்சு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் முழுவதும் காயவிட்டுப் பிறகு சுழற்றுங்கள்.